அரைப்புள்ளி

நாட்டின் பெயரைச் சொல்லக் கூடாது.
ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.
எனக்கு அது நாடு பதினேழு.
தென்கிழக்கில் எங்கோ. நெல் விளைகிறது,
மீனைப் புளிக்கவைத்துத் தின்கிறார்கள்,
மழைக்காலத்தில் பதில்கள் தாமதமாக வருகின்றன.
எங்கள் ஆட்கள் கொண்டுவிற்கப் போன ஊராகவும் இருக்கலாம்.
கேட்கவில்லை.

பள்ளத்தூரில், இரண்டாம் கட்டில்,
பங்காளிகள் பூட்டிவிட்டுப் போன பதினோரு அறைகளுக்கு நடுவே
பூட்டாத ஒன்றில் என் கணினி.
முற்றத்துக்குப் பக்கத்தில்தான் இணையம் எடுக்கும்.
வெயில் நகர நகர
நாற்காலியோடு நானும் நகர்வேன்.

வேலை கஷ்டமில்லை.
வெற்றுக் கட்டங்களை நிரப்புவது,
ஒன்றை ஏழு போல எழுதியவரைப் பிடிப்பது,
ஓரத்துக் குறிப்புகளை எடுத்துவிடுவது.
மின் இணைப்புக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள்?
தொண்ணூற்றாறு.
அதை அடிக்கும்போது இங்கே கரண்ட் போயிற்று.
அதற்குக் கட்டம் இல்லை.

அங்கே வீடு வீடாகப் போகிறவர்களில்
எண் நாற்பத்தொன்று மட்டும்
(பெண் என்றுதான் நினைக்கிறேன்)
எப்போதும் ஒரு வரி கூடுதலாக எழுதுவாள்.
"மாத வருமானம் கேட்டேன். சிரித்தார்கள்."
"ஃபிரிட்ஜ் உண்டு. உள்ளே துணி மடித்து வைத்திருக்கிறார்கள்."
"கணவர் மலேசியாவுக்குப் போனவர். மூன்று வருஷமாகப் பேச்சில்லை.
இருக்கிறாரா, தெரியவில்லை. திருத்திக்கொள்ளவும்."

மெர்லின் சென்னையிலிருந்து சொல்வாள்:
"நம்பர் போதும், சிகப்பிக்கா."

நேற்று சோலையப்பன் வந்தார்,
நகரச் சிவன் கோயில் கணக்கு, கக்கத்தில் ரசீதுக் கட்டு.
புள்ளி வரி.
கல்யாணமானால் ஒரு புள்ளி,
இருவரில் ஒருவர் போனால் அரை.
"ஆச்சிக்குப் பாதிதான்" என்றார்,
ஆடித் தள்ளுபடி சொல்கிற குரலில்.
நான் முழுசாக நீட்டினேன்.
சட்டைப்பை, மடி, மஞ்சள் பை எல்லாம் துழாவி
மீதியைச் சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுத்தான் போனார்.
கணக்கு கணக்குதானே.

ராத்திரி உலகப் பட்டியல் வந்தது.
நாடு பதினேழு
போன வருஷத்தைவிட அரைப்புள்ளி குறைவு.
ஆறு இடம் கீழே.
மெர்லின் ஒரு அழுமூஞ்சிப் படம் அனுப்பியிருந்தாள்,
அடுத்த நிமிஷமே அடுத்த நாட்டுக் கோப்பை.

எங்கே போயிற்று அந்த அரை என்று
வரிசை வரிசையாகப் பின்னால் போனேன்.
விதி முப்பத்திரண்டு:
பெரியவர் இருவரில் ஒருவர் இல்லாத வீட்டுக்கு
எடை பாதி.
எழுதியவர் எந்தக் குளிர்நாட்டிலோ இருப்பார்.
அவருக்கும் ஒரு நகரக் கோயில் இருக்கும் போல.

அந்த மலேசியாக்காரர் வீடும் இருந்தது.
"இல்லை" என்று போட்டிருந்தது.
போட்டது யார் என்று பார்த்தேன்.
நான்.
பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி பத்துக்கு.
தெரியவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை,
அதனால்.
அப்படி அந்த மாதம் மட்டும் நானூற்றுப் பதின்மூன்று வீடு.

என்னவர் போனதற்குத் தேதி உண்டு.
சான்றிதழ் உண்டு, மூன்று நகல்,
ஒன்று இன்னும் வங்கியில் கிடக்கிறது.
அவளுக்கு என்ன இருக்கிறது?
ஒரு தொலைபேசி, அடிக்காதது.
அதன் மேல் நான் முற்றத்து வெயிலில் உட்கார்ந்து
ஒரு தட்டுத் தட்டி
முடித்துவைத்திருக்கிறேன்.

குறிப்புகளை எடுத்துவிடச் சொன்னார்கள்.
நான் எடுத்ததில்லை, மறைத்து வைத்திருந்தேன்.
விரித்தேன்.
அவள் வரிக்குப் பக்கத்துக் கட்டத்தில்
"இல்லை"யை அழித்துவிட்டு
ஒரு புள்ளி, அதன் கீழே கால் முளைத்த இன்னொன்று:
;
பள்ளிக்கூடத்தில் அதற்கும் அரைப்புள்ளி என்றுதான் பெயர்.
இன்னும் வரும், மூச்சுவிட்டுக்கொள் என்று அர்த்தம்.

எண் மட்டுமே ஏற்கப்படும், என்றது திரை.
கட்டம் சிவந்தது.
அடுத்ததில் வைத்தேன். அதுவும் சிவந்தது.
நூற்றிருபது வரைக்கும் போனேன்,
கை வலித்தது.

அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.
காலையில் மெர்லின் கூப்பிடுவாள்.